டை இல்லாமல் வளையும் குழாய்

எஃகுக் குழாய் ஒன்றை 90 பாகைக்கு வளைத்துக் கொடுக்கச் சொன்னால், அனுபவமுள்ள ஃபிட்டர் அதை 90 பாகையில் நிறுத்த மாட்டார். 92 வரைக்கோ 93 வரைக்கோ கொண்டுபோய்விட்டுப் பிடியைத் தளர்த்துவார். குழாய் தானாகக் கொஞ்சம் நிமிர்ந்து 90-ல் வந்து நிற்கும். எவ்வளவு கூடுதலாக வளைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்த கணக்கு. குழாய் வேறு லாட்டில் இருந்து வந்திருந்தால் அந்தக் கணக்கு பிசகும். எஃகுக்குப் பதில் அலுமினியம் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டறையில் ஸ்பிரிங்-பேக் என்று சொல்வது இந்த நிமிர்வைத்தான். குழாய் வளைக்கும் தொழிலில் பாதித் தலைவலி இதனால் வருகிறது. மீதிப் பாதி, குழாயின் உள்ளே ஒன்றுமில்லை என்பதால் வருகிறது. இரண்டையும் அடக்கத் தொழிற்சாலைகள் நம்பியது டையை. வேண்டிய வளைவை ஒரு கெட்டியான எஃகுக் கட்டியில் முன்கூட்டியே செதுக்கிவைத்து, குழாயை அதன்மேல் இழுத்துச் சுற்றுவது இந்த முறை. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இதற்கு மாற்றாக வேறொன்று உருவாகியிருக்கிறது. அதில் வளைவுக்கென்று தனி டை கிடையாது. ஒரே இயந்திரம், ஒரே குழாயில், இங்கே 200 மில்லிமீட்டர் ஆரம், அங்கே 350, நடுவில் மெல்ல மாறிக்கொண்டே போகும் ஆரம் என்று எதை வேண்டுமானாலும் வளைத்துத் தருகிறது. கேட்க மந்திரம் போல இருக்கும். ஆனால் டையைத் தூக்கி எறிந்தவர்களுக்கு, அதுவரை டை தன் பொறுப்பில் வைத்திருந்த ஒரு சுமை வந்து சேர்ந்தது. அந்தச் சுமைதான் இந்தத் துறையின் சுவையான பகுதி.

அதற்கு முன், குழாயை ஏன் வளைக்க வேண்டும்? நேர்க்குழாய்களை வெட்டி, எல்போ வைத்துப் பற்றவைத்தால் போதாதா? வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போதும். கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலைக்குப் போதாது. அதன் நீராவி உற்பத்திக் கலம் ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளமுள்ள 547 குழாய்கள் இருக்கின்றன. குழாய்க்குள் தண்ணீரும் நீராவியும் ஓடும். வெளியே உருகிய சோடியம். இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது பள்ளி வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பற்றவைப்பும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. அதனால் அவை தையலில்லாத நீண்ட குழாய்கள். வெப்பத்தில் குழாய்க்குக் குழாய் நீட்சி வேறுபடும்போது அதை வாங்கிக்கொள்ள ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள்.

இனி வளைவுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். 50 மி.மீ. விட்டமுள்ள குழாயை, அதன் மையக்கோட்டில் 100 மி.மீ. ஆரம் வரும்படி, 90 பாகைக்கு வளைப்பதாக வைத்துக்கொள்வோம். மையக்கோட்டில் வில்லின் நீளம் 157 மி.மீ. வெளிப்புறச் சுவரில் அது 196 மி.மீ. உட்புறச் சுவரில் 118 மி.மீ. வளைப்பதற்கு முன் மூன்றும் ஒரே நீளம். ஆக, வெளிச்சுவர் கால் பங்கு நீண்டிருக்கிறது, உள்சுவர் கால் பங்கு சுருங்கியிருக்கிறது. நீண்ட பக்கம் மெலியும். அளவு மீறினால் கிழியும். சுருங்கிய பக்கம் தடிக்கும், அல்லது சுருக்கம் சுருக்கமாக மடிந்துபோகும்.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கும். வெளிச்சுவரில் இழுவிசை, உள்சுவரில் அமுக்குவிசை. குழாய் வளைந்திருப்பதால் இந்த இரண்டு விசைகளுக்கும் குழாயின் நடுவை நோக்கித் தள்ளும் ஒரு கூறு உண்டு. விளைவு, வட்டமான குறுக்குவெட்டு நசுங்கி முட்டை வடிவமாகிறது. நசுங்கிய குழாய் வளைவதற்கு இன்னும் எளிது. எனவே இன்னும் வளைகிறது, இன்னும் நசுங்குகிறது, ஒரு கட்டத்தில் பட்டென்று மடிந்துவிடுகிறது. இளநீர்க் கடை ஸ்ட்ராவை விரலால் வளைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைக் கண்டிருக்கிறார்கள். பிரேசியர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1927-ல் இதைக் கணிதமாக்கினார். இன்றும் இந்த நசுங்கலுக்குப் பிரேசியர் விளைவு என்றுதான் பெயர்.

நசுங்காமல் வளைக்க வழக்கமான வழி, உள்ளே எதையாவது வைத்து முட்டுக் கொடுப்பது. மணலை இறுக நிரப்பிச் சூடாக்கி வளைப்பது பழைய முறை. ட்ரம்பெட், பிரெஞ்ச் ஹார்ன் செய்பவர்கள் பித்தளைக் குழாய்க்குள் உருகிய கீலை ஊற்றி உறையவிட்டு வளைத்தார்கள். சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பனிக்கட்டியாக உறையவைப்பவர்களும் உண்டு. பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் கலந்த ஓர் உலோகக் கலவை சுமார் 70 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அதை நிரப்பி வளைத்த பிறகு வெந்நீரில் போட்டால் வழிந்து வெளியே வந்துவிடும். நம்மூர் எலக்ட்ரீசியன் பிவிசி பைப்புக்குள் ஸ்பிரிங்கை விட்டு வளைப்பதும் இதே வேலைதான். தொழிற்சாலையில் இந்த இடத்தில் மாண்ட்ரல் நிற்கிறது. எஃகுக் குண்டுகளைக் கோத்த ஒரு தண்டு அது. குழாய் டையைச் சுற்றி வரும்போது வளைவின் உள்ளே இருந்து சுவரைத் தாங்கும்.

டை முறையின் குறை அதன் பிடிவாதம். ஒரு விட்டத்துக்கும் ஒரு ஆரத்துக்கும் ஒரு டை. ஆரம் 75-லிருந்து 90-க்கு மாறினால் வேறு டை, வேறு தாங்கிகள். குழாயைக் கவ்விப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும் என்பதால் இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேராகக் கொஞ்சம் இடமும் விட்டாக வேண்டும். உங்கள் வீட்டு ஸ்டீல் நாற்காலியைப் பாருங்கள். நேர், வளைவு, நேர், வளைவு. எல்லா வளைவும் பெரும்பாலும் ஒரே ஆரம். 1925-ல் டெசாவ் நகரின் பவுஹவுஸ் பள்ளியில் இருந்த மார்செல் பிராயர், தன் ஆட்லர் மிதிவண்டியின் ஹேண்டில்பாரைப் பார்த்துக் குழாய் நாற்காலியை யோசித்தார் என்பது வடிவமைப்பு வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அன்றிலிருந்து இன்றுவரை குழாய்ச் சாமான்களின் அழகு என்று நாம் பழகியதில் பாதி, டை அனுமதித்த அழகு.

டைக்கு வெளியே பழைய மாற்று ஒன்று முன்பே இருந்தது. மூன்று உருளைகளுக்கு நடுவே குழாயை ஓடவிட்டு, நடு உருளையை ஏற்றி இறக்கினால் ஆரம் மாறும். பந்தல் வளைவு, பசுமைக்குடில் வளைவு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. பெரிய ஆரங்களுக்குத்தான் இது சரிப்படும். ஆனால் ஸ்பிரிங்-பேக் மிக மோசமாகத் தலைகாட்டுவதும் பெரிய ஆரங்களில்தான். பலருக்கு இது நேர்மாறாகத் தோன்றும். இறுக்கமாக வளைத்ததுதானே அதிகம் துள்ளி நிமிர வேண்டும்?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல் தகைவு வரை மீளும். அதற்கு மேல் நிரந்தரமாக உருமாறும். அதன் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 200 கிகாபாஸ்கல். ஒன்றை மற்றதால் வகுத்தால், எஃகு மீளக்கூடிய திரிபு 0.125 சதவீதம் மட்டுமே. எவ்வளவு வளைத்தாலும் கைவிட்டவுடன் திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய இந்த அளவுதான். 25 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய குழாயை 50 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைத்தால், எளிய கோட்பாட்டின்படி நிமிர்வு அரைப் பாகைக்குச் சற்று மேல். நடைமுறையில், வளைக்க வளைக்க உலோகம் இறுகுவதாலும் வளைவின் இரு முனைகளும் சேர்ந்து மீள்வதாலும் இது கூடும். அதே குழாயை ஒரு மீட்டர் ஆரத்தில் வளைத்தால்? மீளும் அளவு மாறவில்லை, ஆனால் கொடுத்த வளைவே குறைவு. எனவே மீள்வது அதில் எட்டில் ஒரு பங்கு. 1000 மி.மீ. ஆரத்தில் வளைத்த குழாய் 1146 மி.மீ. ஆரமாக விரிந்துவிடும், 90 பாகை 78.5 ஆகிவிடும்.

அலுமினியத்தின் யங் குணகம் 70 கிகாபாஸ்கல். ஒரே வலிமையுள்ள எஃகையும் அலுமினியக் கலவையையும் எடுத்துக்கொண்டால், அலுமினியம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நிமிரும். 1000 மெகாபாஸ்கல் தாங்கும் உயர்வலு எஃகு, சாதாரண எஃகைப் போல நான்கு மடங்கு நிமிரும். எடையைக் குறைக்க வாகனத் தொழில் தேடிப்போன பொருள்கள் இவைதாம். வளைக்கும் தொழிலாளிக்கு அவை எல்லாமே முரண்டு பிடிக்கும் பொருள்கள்.

1980-களின் இறுதியில் டோக்கியோவின் மின்தொடர்புப் பல்கலைக்கழகத்தில் முராட்டா மக்கோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் ஓர் எளிய ஏற்பாட்டை முன்வைத்தார்கள். குழாயைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். அது முதலில் அசையாத ஒரு வழிகாட்டித் துளையில் நுழைகிறது. சற்றுத் தள்ளி, அசையக்கூடிய ஒரு வளையம். வளையம் துளைக்கு நேராக நின்றால் குழாய் நேராக வெளியே வரும். வளையத்தை ஒரு பக்கம் நகர்த்திச் சாய்த்தால் குழாய் வளைந்து வெளியே வரும். மேலே நகர்த்தினால் மேல்நோக்கி, இடப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கமாக. தள்ளிக்கொண்டே நகர்த்தினால் ஆரமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் நடுவே நேர்ப்பகுதியும் தேவையில்லை. ஜப்பானின் நிஸ்ஸின், ஜெர்மனியின் ஜெ. நொய் போன்ற நிறுவனங்கள் இந்தக் கருத்தை இயந்திரமாக்கின. ஃப்ரீ பெண்டிங் என்று தொழிலில் வழங்குவது இதுதான்.

தள்ளுவதில் இன்னொரு லாபமும் உண்டு. டை முறையில் குழாய் இழுக்கப்படுகிறது, இங்கே அமுக்கப்படுகிறது. அமுக்குவிசை சேரும்போது, நீளவும் செய்யாத சுருங்கவும் செய்யாத நடுக்கோடு வெளிச்சுவர்ப் பக்கமாக நகர்கிறது. வெளிச்சுவர் நீள வேண்டியது குறைகிறது, மெலிவதும் குறைகிறது. இந்த உத்தி மர வேலையில் ஏற்கெனவே புகழ்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் மிக்கேல் தோனே மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்தபோது, வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து முனைகளை இறுக்கினார். மரம் அமுங்கும், ஆனால் நீளாமல் கிழிந்துவிடும். பட்டை இழுவையைத் தான் வாங்கிக்கொண்டு மரத்துக்கு அமுக்கத்தை மட்டும் மிச்சம் வைத்தது. 1859-ல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலியின் பின்வளைவு அப்படிக் கிடைத்தது.

இப்போது அந்தச் சுமைக்கு வருவோம். வழிகாட்டித் துளைக்கும் வளையத்துக்கும் இடைவெளி 40 மி.மீ. என்று கொள்வோம். வடிவியல்படி, வளையம் 4 மி.மீ. விலகினால் குழாய் 200 மி.மீ. ஆரத்தில் வளையும். 2 மி.மீ. விலகினால் 400. வளையம் 0.1 மி.மீ. கூடுதலாக விலகிவிட்டால்? முதல் வளைவில் ஆரம் 5 மி.மீ. தவறும். இரண்டாவதில் ஏறக்குறைய 20 மி.மீ. தவறும். குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடுக்கே அந்த அளவு இருக்கலாம். கடையில் வாங்கும் குழாயின் விட்டம் அதைவிடக் கூடுதலாகவே ஏறி இறங்கும். மசகெண்ணெய் குறைந்தால் உராய்வு கூடி, தள்ளும் விசையும் அதோடு நடுக்கோடும் இடம் மாறும். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பிரிங்-பேக். வெளியே வந்த குழாய் எந்தக் கட்டியின்மேலும் படுத்திருக்கவில்லை; அந்தரத்தில் நிற்கிறது. லாட் மாறி அதன் மீட்சி எல்லை பத்து சதவீதம் கூடினால் அந்த வித்தியாசம் அப்படியே வளைவில் வந்துவிடும்.

டை செய்துவந்த வேலை இதுதான். வளைக்கும் நேரத்திலாவது குழாய் இந்த ஆரத்தில்தான் இருக்கும் என்று அது உத்தரவாதம் தந்தது. பிழை எல்லாம் கோணத்தில் மட்டும் நின்றது. ஃபிட்டர் இரண்டு பாகை கூட்டி அதைச் சரிசெய்தார். ஒரு தொழிற்சாலை தன் குழாயின் இயல்பை அரைகுறையாகத் தெரிந்துகொண்டே பல்லாண்டுகள் ஓட்ட முடிந்தது டையின் தயவில்தான். டையை எடுத்துவிட்டால் அந்த அறிவு முழுவதையும் கணக்கிலும் உணர்விகளிலும் கொண்டுவந்தாக வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரீ பெண்டிங்கை ஆராய்பவர்கள் குழாயின் காந்தப் பண்புகளை அளந்து, உள்ளே தங்கியிருக்கும் தகைவையும் கடினத்தன்மையையும் ஊகித்து, வளையத்தின் நகர்வைத் திருத்தும் வழிகளைத் தேடிவருவதன் காரணம் இதுவே.

இ.ஆர்.டபிள்யூ. குழாய் வாங்குபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த குழாய் அது. பற்றவைத்த கோடு சுற்றியுள்ள உலோகத்தைவிடக் கடினமாக இருக்கும். டை முறையில் அந்தக் கோட்டை நடுக்கோட்டுப் பக்கம் திருப்பிவைத்து வளைப்பார்கள். அங்கே நீட்சியும் இல்லை, சுருக்கமும் இல்லை. முப்பரிமாணத்தில் திசை மாறிக்கொண்டே போகும் வளைவில் அந்தக் கோடு எங்காவது ஓரிடத்தில் வெளிப்பக்கம் வந்தே தீரும்.

வட்டக் குழாயாவது எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டம். செவ்வகக் குழாய், சேனல், ஆங்கிள் போன்ற புரொஃபைல்கள் வளைக்கும்போது முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றன. ஒரு வெட்டுவடிவத்தை எந்தப் புள்ளி வழியாக விசை கொடுத்தால் முறுக்கிக்கொள்ளாமல் வளையுமோ, அந்தப் புள்ளி சேனலில் உலோகத்துக்குள்ளேயே இல்லை; முதுகுக்கு வெளியே, காற்றில் இருக்கிறது. டார்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எஸ்.எஸ். முறை இதற்கு முறுக்கு விசையையே பதிலாகத் தருகிறது. உருளைகள் புரொஃபைலைத் தள்ளிக்கொண்டு வர, வளைக்கும் தலை பக்கவாட்டில் நகர, உடன் திட்டமிட்ட அளவு முறுக்கும் கொடுக்கப்படுகிறது. வேண்டாத முறுக்கு இதனால் சரியாகிறது. ஏற்கெனவே முறுக்கப்பட்டுக்கொண்டிருக்கும் உலோகம் வளைவதற்குக் குறைந்த விசையே கேட்கும். விசை குறைந்தால் நிமிர்வும் குறையும். அதே ஆய்வகத்தின் இன்னொரு முறை இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனது. குழாயைச் சுற்றிச் சுழலும் உருளைகள் அதன் விட்டத்தை இறுக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருக்கும் அதே இடத்தில், அதே நொடியில் வளைக்கிறார்கள். உலோகம் அங்கே முன்பே உருமாறிக்கொண்டிருப்பதால் வளைக்கும் விசை வெகுவாகக் குறைந்து, ஸ்பிரிங்-பேக் பெரிதும் அடங்கிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது. நிமிர்வைக் கணித்துத் திருத்துவதைவிட, அது பிறக்கவே விடாமல் செய்வது மேல்.

சூடாக்குவதும் அந்த வகைதான். எண்ணெய், எரிவாயுக் குழாய்த்தடங்களின் பெரிய வளைவுகளை, மின்தூண்டல் சுருளால் ஒரு குறுகிய வளையப் பகுதியை மட்டும் சிவக்கச் சூடாக்கித் தள்ளி வளைப்பது பல பத்தாண்டுப் பழக்கம். பின்னாளில் நிப்பான் ஸ்டீலோடு இணைந்த ஜப்பானின் சுமிட்டோமோ உலோக நிறுவனம் இதை மெல்லிய குழாய்களுக்குக் கொண்டுவந்தது. குழாயைச் சுருள் சூடாக்குகிறது, ரோபோக் கை முனையைப் பிடித்து முப்பரிமாணத்தில் வளைக்கிறது, அடுத்த கணம் தண்ணீர் பீச்சிக் குளிர்விக்கிறது. வளைவும் வன்மையேற்றமும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. சிவந்த எஃகின் வலிமை மிகக் குறைவு, ஆகவே நிமிர்வும் மிகக் குறைவு. குளிர்ந்த பிறகு அதே எஃகு 1500 மெகாபாஸ்கல் தாங்கும். 2016-ல் வந்த ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். காரில் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களும் இந்த முறையில் வளைத்தவை. கார் கவிழ்ந்தாலும் கூரையைத் தாங்கும் வலிமையோடு, ஓட்டுநரின் பார்வையை மறைக்காத மெலிவும் அந்தத் தூண்களுக்கு அதனால் கிடைத்தது.

இதனால் டை வழக்கொழிந்துபோகும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீ பெண்டிங்கில் விட்டத்தின் இரண்டரை, மூன்று மடங்குக்குக் குறைவான ஆரம் கிடைப்பது அரிது; மாண்ட்ரலோடு கூடிய டை, விட்டத்துக்குச் சமமான ஆரம் வரை இறுக்கமாக வளைக்கும். எண்ணிக்கையும் முக்கியம். 1965-ல் தொடங்கிய திருச்சி பெல் உயரழுத்தக் கொதிகலன் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய அனல்மின் கொதிகலனுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய் பாம்பு பாம்பாக மடிந்து கிடக்கிறது. ஒரே விட்டம், ஒரே ஆரம், ஆயிரக்கணக்கான வளைவுகள். ஒவ்வொன்றிலும் சுவர் எவ்வளவு மெலியலாம், வட்டம் எவ்வளவு நசுங்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அங்கே ஒரு டையின் விலை ஆயிரம் வளைவுகளில் கரைந்துவிடும். அதை விட்டுவிட்டு ஒவ்வொரு வளைவையும் புதிதாகக் கணிக்கும் இயந்திரத்தைத் தேடுவது வீண்வேலை. ஐம்பது அறுபது துண்டுகள் மட்டும் வேண்டிய மாதிரி வாகனம், ஒவ்வொன்றும் வேறுபடும் கைப்பிடிக் குழாய், நேர்ப்பகுதி வைக்க இடமே இல்லாத எஞ்சின் அறைக் குழாய். இவற்றில்தான் டை இல்லாத முறை தன் விலையைத் திரும்ப ஈட்டும்.

கோவையிலோ அம்பத்தூரிலோ பட்டறை வைத்திருப்பவர்கள் இத்தகைய இயந்திரம் ஒன்றுக்கு விலை கேட்கப் போகும் முன் தங்கள் குழாய் சப்ளையரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு லாட்டுக்கும் இழுவிசைச் சோதனை அறிக்கை, அளந்த வெளிவிட்டம், அளந்த சுவர்த் தடிமன் ஆகிய மூன்றையும் தருவாரா? தருவார் என்றால் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். தயங்குகிறார் என்றால், அலமாரியில் இருக்கும் டைகளை எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.